சொந்தமா கட்டுன ரவுட்டர்ல வைஃபை 54லயே நிக்குதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிசியிலயோ ராஸ்பெர்ரி பையிலயோ லினக்ஸ் போட்டு, ஹோஸ்ட்ஏபிடி (கம்ப்யூட்டர வைஃபை ரவுட்டரா மாத்துற சாஃப்ட்வேர்) வச்சு ரவுட்டர் கட்டுறவங்கள்ல நிறைய பேர் மாட்டிக்கிற இடம் இதுதான்: வைஃபை வருது, நெட் வருது, ஆனா லிங்க் ஸ்பீடு 54 எம்பிபிஎஸ் தாண்ட மாட்டேங்குது. உடனே ஆன்டெனாவ மாத்துறது, புது கார்டு வாங்குறதுன்னு கிளம்பிடாதீங்க. 54ங்கிறது 802.11ஏ, ஜி காலத்து உச்ச வேகம், அதத் தாண்டாம நின்னா பெரும்பாலும் 'என்' மோடு (802.11என், அடுத்து வந்த வேகமான வைஃபை தலைமுறை) ஆன் ஆகலன்னுதான் அர்த்தம்.

பாதி நேரம் கோளாறு கான்ஃபிக் ஃபைலோட செக்யூரிட்டி லைன்லதான் இருக்கும், அங்க யாரும் தேடுறதே இல்ல. டிகேஐபிங்கிற பழைய என்க்ரிப்ஷன் கூட 'என்' வேகம் சேரவே கூடாதுன்னு ஸ்டாண்டர்டே சொல்லுது, அதனால எப்பவோ எழுதுன கான்ஃபிக் ஃபைல அப்படியே காப்பி பண்ணி அதுல டிகேஐபி மட்டும் இருந்துச்சுன்னா ஹோஸ்ட்ஏபிடி லாக்ல ஒரே ஒரு வரி எழுதிட்டு 'என்' மோட ஆஃப் பண்ணிடும், நீங்க லாக் பாக்கலன்னா தெரியவே தெரியாது. என்க்ரிப்ஷன் வகைய சொல்ற ஆர்எஸ்என் பேர்வைஸ் லைன்ல சிசிஎம்பி (ஏஇஎஸ் என்க்ரிப்ஷன்) மட்டும் வைங்க. டபிள்யூஎம்எம்மும் இதே கதைதான். வாய்ஸ், வீடியோவுக்கு முன்னுரிமை குடுக்குற சமாச்சாரம் நமக்கெதுக்குன்னு 0 போட்டு வச்சிருப்பாங்க, ஆனா அது இல்லாம 'என்', அதுக்கும் அடுத்த தலைமுறையான 'ஏசி' (802.11ஏசி) ரெண்டுமே நடக்காது.

எந்த பேண்டுன்னு சொல்ற ஹெச்டபிள்யூ மோடு லைன்ல 'என்' இல்லன்னா 'ஏசி'ன்னு எழுதுறதும் தப்பு, அப்படி ஒரு மதிப்பே அங்க கிடையாது. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஜி, 5க்கு ஏ, அவ்வளவுதான். 'என்', 'ஏசி' ரெண்டுக்கும் தனித்தனி லைன் இருக்கு, அங்க 1 போடணும்.

அடுத்தது வைஃபை பாதுகாப்பு வகைய சொல்ற லைன்ல டபிள்யூபிஏ=3ன்னு போடுறது. பாத்தா டபிள்யூபிஏ3 மாதிரிதான் இருக்கு, ஆனா உண்மையில நேர் எதிர்: 1 போட்டா பழைய டபிள்யூபிஏ, 2 போட்டா டபிள்யூபிஏ2, 3 போட்டா ரெண்டும் சேர்ந்து, அதாவது பாதுகாப்ப ஏத்துறோம்னு நினைச்சு இறக்கி வச்சிருக்கோம். நிஜமான டபிள்யூபிஏ3 வேணும்னா அங்க 2தான், கீ மேனேஜ்மென்ட்ல எஸ்ஏஇ (டபிள்யூபிஏ3ஓட பாஸ்வேர்டு சரிபார்ப்பு முறை), ஐஇஇஇ80211டபிள்யூ (மேனேஜ்மென்ட் ஃபிரேம் பாதுகாப்பு) லைன்ல 2, அதாவது கட்டாயம். பழைய போன், பிரின்டர் எல்லாம் இருந்தா டபிள்யூபிஏ-பிஎஸ்கே (பழைய பாஸ்வேர்டு முறை), எஸ்ஏஇ ரெண்டையும் குடுத்துட்டு அந்த 80211டபிள்யூவ 1 (விருப்பம்) ஆக்கிடுங்க. ஆனா இப்படி கலந்து வச்சா பழைய டிவைஸ் கனெக்ட் ஆகும்போது நடக்குற ஹேண்ட்ஷேக்க ஒருத்தன் பிடிச்சுட்டு போய் ஆஃப்லைன்ல பாஸ்வேர்ட ஊகிச்சுப் பாக்கலாம், அதனால பாஸ்வேர்டு நீளமா இருக்கணும். 63 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, 8லயே நிறுத்துறது என்ன சிக்கனமோ தெரியல.

5 கிகாஹெர்ட்ஸ்ல நாட்டு கோடு போடலன்னா பெரும்பாலும் ஏபி (ஆக்சஸ் பாயின்ட், மத்த டிவைஸ் கனெக்ட் ஆகுற இடம்) ஸ்டார்ட்டே ஆகாது. பவர் கூட கிடைக்கும்னு வேற நாட்டு கோடு போடுறது சட்டப்படியும் தப்பு, நம்ம போனுக்கு அந்த சேனலே தெரியாம போகவும் வாய்ப்பிருக்கு. 52ல இருந்து 144 வரைக்கும் உள்ள சேனல்கள்ல நிறைய நாடுகள்ல ரேடார் இருக்கான்னு கேட்டுட்டுத்தான் சிக்னல் விடணும், குறைஞ்சது 60 செகண்டு ஆகும், ஹேங் ஆயிடுச்சுன்னு ரீஸ்டார்ட் பண்ணிட்டே இருந்தா அது எப்பவும் வராது. 36ல ஆரம்பிங்க. 80 மெகாஹெர்ட்ஸ் வேணும்னா 36, 40, 44, 48 நாலுக்கும் சென்டர் சேனல் 42. 40 மெகாஹெர்ட்ஸுக்கு கூட சேர்ற சேனல் மேலயா கீழயான்னு சொல்ற ஹெச்டி40 பிளஸ்ஸா மைனஸான்னும் பாக்கணும், 36க்கும் 44க்கும் பிளஸ், 40க்கும் 48க்கும் மைனஸ். உங்க கார்டால என்ன முடியும்னு ஐடபிள்யூ லிஸ்ட் கமாண்டு காட்டும், அதுல இல்லாதத கேப்பபிலிட்டி லைன்ல சேர்த்தா ஸ்டார்ட் ஆகாது. நிறைய லேப்டாப் கார்டு 5ல ஏபியா ஓடவே ஓடாது, அத மட்டும் வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துக்கங்க.

எஸ்எஸ்ஐடிய (வைஃபை பேர) மறைக்கிறது, மேக் ஃபில்டர் (டிவைஸ் முகவரிய வச்சு அனுமதிக்கிறது) எல்லாம் பாதுகாப்பே இல்ல. டபிள்யூபிஎஸ் (பாஸ்வேர்டுக்கு பதிலா பட்டன் இல்லன்னா பின் வச்சு கனெக்ட் பண்றது) வேண்டவே வேண்டாம், அந்த 8 இலக்க பின்ன அதிகபட்சம் 11,000 முயற்சில கண்டுபிடிக்கலாம்னு 2011லயே வெளிய வந்தாச்சு. கான்ஃபிக் ஃபைல்ல பாஸ்வேர்டு அப்படியே கிடக்கும், பர்மிஷன் 600 (ஓனர் மட்டும் படிக்க, எழுத) வைங்க. ஃபயர்வால்ல ஐபிவி4க்கு மட்டும் ரூல் எழுதிட்டு ஐபிவி6 ஃபார்வர்டிங்க திறந்து விடுறதுதான் இருக்கிறதுலயே பெரிய ஓட்டை, வீட்டுக்குள்ள இருக்குற மெஷின் எல்லாம் வெளிய தெரியும்.

ஒவ்வொரு லைன் மாத்துனதும் ஐடபிள்யூ ஸ்டேஷன் டம்ப் ஓட்டி டிஎக்ஸ் பிட்ரேட்ட (அனுப்புற வேகத்த) பாருங்க, வெறும் எம்சிஎஸ்னு பக்கத்துல வந்தா 'என்', விஹெச்டின்னு வந்தா 'ஏசி' ஓடுது.