வெள்ளியும் சிவப்பும் கலந்தால் ரோஸ்தான் வருகிறது

1/24 அளவு மாடல் கார் ஒன்றுக்கு மெட்டாலிக் சிவப்பு அடிக்க ஆசை. சிவப்பு பெயிண்டில் கொஞ்சம் வெள்ளி கலந்தால் போதும் என்று நினைத்தேன். வந்தது மங்கிய ரோஸ். துவைத்துத் துவைத்து வெளுத்த பந்தல் துணி மாதிரி.

கலக்கக் கூடாது, அடுக்க வேண்டும். எல்லாவற்றையும் உரித்துவிட்டு முதலில் பளபளப்பான கறுப்பு, அதன்மேல் மெல்லிய வெள்ளி, அப்புறம் ஒளி ஊடுருவும் சிவப்பு. நான் எடுத்தது தமியா கம்பெனியின் எக்ஸ்-27 கிளியர் ரெட் பெயிண்ட். ஒளி சிவப்பைக் கடந்து வெள்ளியில் பட்டுத் திரும்புவதால்தான் அந்த ஆழம். பூச்சு ஏற ஏற நிறம் கருக்கும். கதவுக்கு மூன்று, பானட்டுக்கு நான்கு என்று அடித்தால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும்.

சரி, முடிந்தது என்று பார்த்தால் மதுரை வெயில் விடவில்லை. திருநகர் வீட்டு மொட்டைமாடியில், சித்திரை மாத மதியத்தில் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷைப் பிடித்தவன் நான்! தெளித்தது காற்றிலேயே காய்ந்து, ரவை தூவியது போல் சொரசொரப்பாகிவிட்டது. தேய்த்தால் சிவப்பு திட்டுத்திட்டாகப் போகும். மறுபடி உரித்தேன்.

அடுத்த முறை காலை ஆறு மணிக்கு, அறைக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பெயிண்டில் சில சொட்டு ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) விட்டு அடித்தேன். மாதுளை முத்து நிறத்தில் வந்தது.