கண் மஞ்சளானதும் கீழ்காய்நெல்லி பிடுங்க ஓடலாமா?

மட்டக்களப்பின் படுவான்கரையில் வெள்ளாமை செய்கிறவருக்குக் காய்ச்சலோடு கண்ணும் மஞ்சளானால், ஆஸ்பத்திரிக்கு முன் நினைவுக்கு வருவது கீழ்காய்நெல்லிதான். வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிப்பார்கள். கூடவே பத்தியம். செடியில் குறை சொல்ல மாட்டேன். எதனால் வந்த செங்கமாரி (மஞ்சள் காமாலை) என்று பாராமல் குடிப்பதுதான் பெரிய தவறு.

அசுத்தத் தண்ணீரால் வரும் ஹெப்படைட்டிஸ் ஏ என்ற ஈரல் தொற்று பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மாறிவிடும். பெயர் மட்டும் செடிக்குப் போகும். வயல் சேற்றில் நின்றவருக்கு வந்திருப்பது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலுள்ள கிருமி, காலில் உள்ள வெடிப்பு வழியே ஏறிவிடும். கெண்டைக்கால் தொடமுடியாமல் நோகும், கண் சிவக்கும், சிறுநீர் குறையும். இத்தனையோடு கண் மஞ்சளும் சேர்ந்தால் நோய் முற்றுகிறது என்று அர்த்தம். சிறுநீரகம் பழுதாக முன் அன்டிபயோட்டிக் ஏறவேண்டும். மோர் குடித்துக்கொண்டு நாள் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. வயலில் இறங்க முன் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தரும் டொக்ஸிசைக்கிளின் குளிசைக்கும் இது மாற்றில்லை.

“கீழ்காய்நெல்லி பலன் தரும் என்று லான்செட் மருத்துவ இதழிலேயே வந்ததே” என்பார்கள். வந்தது உண்மை. 1988இல் சென்னை ஆய்வில், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்து, இந்தச் செடியை மருந்தாகச் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்தப் பின்பாதியை யாரும் பகிர்வதில்லை.

இன்னொரு குழப்பம், ஆய்வுகூடத்துச் சாறும் நம் அடுப்புக் கஷாயமும் ஒன்றென்று நினைப்பது. ஆய்வுகூட எலிகளின் ஈரலைக் காத்ததாகச் சொல்லப்படும், இந்தச் செடியிலுள்ள பிலாந்தின் என்ற சத்து தண்ணீரில் இலேசில் கரையாது. கொதிக்கவைத்தால் கூடுதலாக இறங்குவது ஜெரானின், கொரிலாஜின் போன்ற துவர்ப்புச் சத்துகள்.

செடியையும் சரியாகப் பாருங்கள். தண்டு சிவந்து, காய் காம்பில்லாமல் சொரசொரப்பாக ஒட்டியிருந்தால் அது வேறு இனம். சரியான செடியே ஆனாலும் களைநாசினி அடித்த வரம்பில் பிடுங்க வேண்டாம். நீரிழிவுக் குளிசை போடுகிறவர்கள் டொக்டரிடம் சொல்லாமல் குடிக்கக் கூடாது; இரண்டும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.