இரண்டு லீஸ்டு லைன், ஒரே பள்ளம்: இணைப்பு வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஐடி பொறுப்புக்கு வரும் தம்பிகள் சிலர் லீஸ்டு லைனுக்கான, அதாவது அலுவலகத்துக்கென்றே தனியாக எடுக்கும் இணைய இணைப்புக்கான கொட்டேஷனை எனக்கு அனுப்பி, "அண்ணா, இதை எடுக்கலாமா?" என்று கேட்பார்கள். திறந்து பார்த்தால், எங்கள் காலத்தில் செய்த அதே பழைய தவறுகள் அப்படியே இருக்கும். அப்லோடும் டவுன்லோடும் ஒரே வேகம், யாரோடும் பங்கு போடாத 1:1 இணைப்பு, நிலையான ஐபி என்பதெல்லாம் அவர்களுக்கு நன்றாகவே தெரியும். அதற்கு அப்பால்தான் பிரச்சினை.

வேறு கம்பெனி என்றால் வேறு வழி என்று நம்புவது

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இதுதான்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனம். இரண்டு பெரிய கம்பெனிகளிடமிருந்து இரண்டு லீஸ்டு லைன் வாங்கியிருந்தார்கள். ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற நிம்மதி. கிளைகள் எல்லாம் இங்கிருக்கும் இஆர்பி (கணக்கு, சரக்கு, பில் எல்லாவற்றையும் பார்க்கும் மென்பொருள்) சர்வரை நம்பித்தான் பில் போட்டுக்கொண்டிருந்தன. ஒரு நாள் மத்தியானம் மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி, கேபிளை இழுத்துவிட்டது. இரண்டு லைனும் ஒரே நேரத்தில் போயின. கிளைகளில் பில் போட முடியாமல், சரக்கு ஏற்றிய லாரிகள் வாசலிலேயே நின்றன.

பள்ளத்தில் இறங்கி ஃபைபரை ஒட்டிக்கொண்டிருந்தவர், "சார், ரெண்டு லைனும் இதுக்குள்ளதான் போகுது" என்று காட்டினார். இரண்டு கம்பெனிகளுக்கும் அந்தத் தெருவில் சொந்த ஃபைபர் கிடையாது. இரண்டுமே ஒரே உள்ளூர்க் காண்டிராக்டரிடம் ஃபைபரை வாடகைக்கு எடுத்திருந்தன. பில் இரண்டு, பூமிக்குள் போவது ஒரே கேபிள். விற்க வந்தவர் பொய் சொல்லவில்லை. வழியைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கேளுங்கள். உங்கள் வாசல் வரை வரும் கடைசித் துண்டு கேபிள் யாருடையது, சொந்தமா வாடகையா? எந்த பாப்பிலிருந்து, அதாவது கம்பெனியின் கருவிகள் இருக்கும் எந்த நிலையத்திலிருந்து இங்கே வருகிறது? கேபிள் போகும் வழியைக் கேஎம்இசட் என்ற வரைபட ஃபைலாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டு கம்பெனிகளின் வழியையும் கூகுள் எர்த்தில் ஒன்றாகத் திறந்தால், எங்கே சேர்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். தர மறுத்தால் அதுவே ஒரு பதில். அப்புறம் ஒரு நாள் காலையில் லைன்மேனோடு அந்த வழியை நடந்தே பாருங்கள். தெருவில் தனித்தனியாக வந்துவிட்டு, உங்கள் கட்டடத்துக்குள் ஒரே குழாயில் நுழைகிற இணைப்புகளும் உண்டு.

தனி வழி என்பதைப் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். எழுதினாலும் வருடம் ஒரு முறை சரிபாருங்கள். கேபிள் அறுந்தால் அவசரத்துக்கு வேறு பக்கமாக இழுத்து ஒட்டுவார்கள், அந்தத் தற்காலிக வழியே நிரந்தரமாகிவிடும்.

உங்கள் தெருவுக்கு ஒரே ஃபைபர் வழிதான் உண்டா? சரி, இரண்டாவது இணைப்பை மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்து ரேடியோ அலையில் வரும் ஆர்எஃப் லைனாக எடுங்கள். ஜேசிபியால் அதற்கு ஆபத்தில்லை. ஆனால் லைசென்ஸ் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுவதாக இருந்தால் பக்கத்து ஆன்டெனாக்களின் இடைஞ்சல் இருக்கும். எதிரே புதுக் கட்டடம் எழும்பி நேர்ப்பார்வையை மறைத்தாலும் போச்சு. முக்கிய ஃபைபர் கம்பத்தில் தொங்கி வருகிறதா, நிலத்தடியில் வருகிறதா என்பதையும் கேளுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, சாய்ந்த மரங்கள் தொங்கிய கேபிள்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தன.

மாற்று லைனைச் சோதிக்காமல் விடுவது

ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கிய லைனைக் கையால் பிடுங்கிப் பாருங்கள். அது மட்டும் போதாது. ஒரு லைன் போனால் மற்றதுக்கு மாற்றிவிட வேண்டிய கருவி ஃபயர்வால்தான். பல ஃபயர்வால்கள் அடுத்திருக்கும் கேட்வே, அதாவது கம்பெனி பக்கத்து முதல் கருவி, பதில் சொன்னாலே லைன் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும். கம்பெனியின் உள் நெட்வொர்க் படுத்தால் கேட்வே உயிரோடு இருக்கும், இணையம் இருக்காது, ஃபயர்வாலும் மாறாது. அதனால் 8.8.8.8, 1.1.1.1 போன்ற வெளி முகவரிகளை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

லைன் மாறினால் பொது ஐபியும், அதாவது வெளியே தெரியும் உங்கள் இணைய முகவரியும் மாறும். வங்கியிலும் வாடிக்கையாளரிடமும் பழைய ஐபியை மட்டும் பதிந்து வைத்திருந்தால், இணையம் இருந்தும் வேலை நடக்காது. இரண்டு ஐபிகளையும் முதல் நாளே பதிந்துவிடுங்கள்.

99.5 என்ற எண்ணில் மயங்குவது

லைன் எவ்வளவு நேரம் இயங்கும் என்று கம்பெனி தரும் உறுதிதான் இந்த எண். 30 நாள் மாதத்தில் 99.5 சதவீதம் என்றால் 3 மணி 36 நிமிடம் லைன் இல்லாமல் போகலாம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். 99.9 என்றால் சுமார் 43 நிமிடம். அதைத் தாண்டினாலும் கிடைப்பது பொதுவாக லைன் வாடகையில் ஒரு பகுதிதான், உங்கள் வியாபார நஷ்டம் அல்ல. பெரும்பாலும் நீங்கள் புகார் பதிந்த பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்குவார்கள். லைன் போனால் முதலில் புகார் டிக்கெட், பிறகு மற்ற ஆராய்ச்சி. முன்கூட்டியே சொல்லிச் செய்யும் பராமரிப்பு அந்தக் கணக்கில் வருமா, எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பழைய ஃபயர்வால்

500 எம்பிபிஎஸ் லைனைப் பழைய ஃபயர்வாலின் 100 எம்பிபிஎஸ் போர்ட்டில் செருகாதீர்கள்.

மீடியா கன்வர்ட்டர்

ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளாக மாற்றித் தரும் இந்தச் சின்னப் பெட்டியும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

விலை

18 சதவீத ஜிஎஸ்டியையும் நிறுவும் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

நீண்ட லாக்-இன்

அலுவலகத்துக்கு 11 மாத வாடகை ஒப்பந்தம் வைத்துக்கொண்டு லைனுக்கு 3 வருட லாக்-இன்னில், அதாவது இடையில் விலக முடியாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அலுவலகம் மாறும்போது, புது இடத்துக்கு லைன் கொடுக்க முடியாது என்று கம்பெனியே சொன்னாலும், மீதி மாதங்களுக்குப் பணம் கேட்க ஒப்பந்தத்தில் இடம் இருக்கலாம். அந்த நிலையில் அபராதமின்றி வெளியேறலாம் என்ற வரியை, கையெழுத்துக்கு முன்பே சேர்க்கச் சொல்லுங்கள்.