ஸ்கீயா, ஸ்னோபோர்டா? முதல் தடவை போகிறவர்களுக்கு

இரண்டு பருவம் ஸ்கீ (காலுக்கு ஒன்றாகக் கட்டும் நீளப் பலகைகள்) ஓட்டிவிட்டுத்தான் ஸ்னோபோர்டில் (இரண்டு கால்களையும் பூட்டும் ஒற்றைப் பலகை) ஏறினேன். பனியில் பழகிய கால்கள் கைகொடுக்கும் என்று நம்பியிருந்தேன். முதல் நாள் முழுக்க விழுவதிலும் எழுவதிலுமே போனது. அதனால் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது இரண்டுதான்: கையில் எத்தனை நாள் இருக்கிறது? முழங்கால் பலவீனமா, மணிக்கட்டா?

ஓரிரு நாள்தான் என்றால் ஸ்கீயை எடுங்கள். கால்கள் தனித்தனியே இருக்கும், முகம் போகிற திசையைப் பார்க்கும். ஸ்கீகளின் முன்நுனிகளை நெருக்கிக் குதிகால்களை அகட்டினால் வேகம் குறையும். முதல் நாளிலேயே இது பிடிபட்டுவிடும். கடினம் பின்னால்தான் வரும். இரண்டு ஸ்கீகளையும் இணையாக வைத்துச் செங்குத்துச் சரிவில் திரும்ப எனக்கு ஒரு பருவம் போதவில்லை.

ஸ்கீயில் அடிபடுவது பெரும்பாலும் முழங்கால். விழும்போது பூட்ஸைக் கழற்றிவிட பைண்டிங்கில் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடிப்பில்) ஒரு விசை உண்டு. உங்கள் எடை, உயரம், திறமை ஆகியவற்றைக் கொண்டே அதை அமைப்பார்கள். வாடகைக் கடையில் கேட்கும்போது எடையைக் குறைத்தோ திறமையைக் கூட்டியோ சொல்லாதீர்கள். முழங்காலில் பழைய காயம் இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

மூன்று நாளாவது இருந்தால் ஸ்னோபோர்டு. இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருக்கும், விழுந்தாலும் கழலாது. முதலில் பலகையின் குதிகால் பக்க விளிம்பில் நின்று நேராகக் கீழே வழுக்கப் பழகுங்கள், அடுத்து கால்விரல் பக்க விளிம்பில். சரிவுக்குக் குறுக்கே நிற்கும்போது பலகையைத் தட்டையாக மட்டும் விடாதீர்கள். கீழ்ப்பக்க விளிம்பு பனியில் குத்திக்கொண்டால், நினைப்பதற்குள் தரையில் கிடப்பீர்கள். அப்போது உள்ளங்கையை ஊன்றத்தான் மனம் போகும். மணிக்கட்டு முறிவது அப்படித்தான். கைவிரல்களை மடக்கி முன்கைகளில் விழுங்கள். மணிக்கட்டுக் காப்பு அணியுங்கள். ஹெல்மெட் இரண்டுக்குமே வேண்டும்.

அந்த மூன்று நாளைத் தாண்டிவிட்டால் ஸ்னோபோர்டு வேகமாக வசப்படும். ஆழமான புதுப்பனியில் அகலப் பலகை மிதந்து போகும் சுகத்துக்காகவே நான் ஸ்னோபோர்டிலேயே தங்கிவிட்டேன். சமதளத்தில் மட்டும் ஸ்கீக்காரர்கள் கோலை ஊன்றிக் கடந்துபோவார்கள். நாம் ஒரு காலைக் கழற்றித் தள்ளிக்கொண்டு போகவேண்டும்.

சரிவின் மேலே ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்டிலிருந்து இறங்குவதும் ஒற்றைக் கால் பூட்டியபடிதான். கழற்றிய காலைப் பின் பைண்டிங்கை ஒட்டிப் பலகைமேல் வையுங்கள், பார்வை முன்னே இருக்கட்டும், பலகை தானாக நிற்கும்வரை அந்தக் காலைத் தரையில் வைக்காதீர்கள்.