பம்ப் ஓடுகிறது, தண்ணீர் போகிறதா? கொதிகலன் கட்டுப்பாட்டு அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்து கிலோ அழுத்தத்தில் ஓடும் ஒரு கொதிகலனுக்குள் இருக்கும் தண்ணீரின் வெப்பம் ஏறத்தாழ 184 டிகிரி செல்சியஸ். கலனின் உடல் எங்காவது கிழிந்தால், அழுத்தம் விட்ட அந்த நொடியிலேயே தண்ணீரில் ஆறில் ஒரு பங்கு நீராவியாகிவிடும். ஒரு டன் தண்ணீர் இருந்தால் 250 கன மீட்டருக்கும் மேல் நீராவி! சாயப்பட்டறையோ அரிசி ஆலையோ காகித ஆலையோ, எந்தக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் இது கண்ணில் படுவதில்லை. அவர் பார்ப்பதெல்லாம் எண்களும் விளக்குகளும்தான். அந்த எண்களில் ஒன்றை மட்டும் நம்பி, வேறு எதனிடமும் விசாரிக்காமல் முடிவெடுப்பதில்தான் இந்த வேலையின் பெரிய தவறுகள் தொடங்குகின்றன.

கேஜ் கிளாஸ் எந்தப் பக்கம் பொய் சொல்லும்

தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கேஜ் கிளாஸுக்கு மேலே ஒரு நீராவி வழியும் கீழே ஒரு தண்ணீர் வழியும் உண்டு. கீழ்வழி அடைத்துக்கொண்டால், மேலிருந்து குளிர்ந்து இறங்கும் நீர் வெளியேற முடியாமல் கண்ணாடியில் சேர்ந்துகொண்டே போகும். மேல்வழி அடைத்துக்கொண்டால், உள்ளே சிக்கிய நீராவி குளிர்ந்து அழுத்தம் குறைய, தண்ணீர் மேலே தள்ளப்படும். இரண்டு அடைப்புமே மட்டத்தை இருப்பதைவிட அதிகமாகத்தான் காட்டும். ஆபரேட்டர் நிம்மதியடையும் பக்கமாகவே கருவி தவறுகிறது என்பதைப் புதிதாக வேலைக்கு வருபவர்கள் மனத்தில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: உச்சிவரை நிறைந்த கண்ணாடியும் முற்றிலும் காலியான கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் கோடு தெரியவில்லை என்றால் இரண்டில் எது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்காது.

அதனால்தான் ஒவ்வொரு ஷிஃப்டிலும் கேஜ் கிளாஸை ஊதிப் பார்க்க வேண்டும். டிரெயினைத் (கீழே உள்ள வடிகாலை) திறந்து, தண்ணீர் வழியின் வால்வை மூடினால் நீராவி சீறி வர வேண்டும். அடுத்து, தண்ணீர் வால்வைத் திறந்து நீராவி வால்வை மூடினால் தண்ணீர் பீறிட வேண்டும். இரண்டையும் திறந்து டிரெயினை மூடியதும் மட்டம் சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். மெதுவாக ஊர்ந்து ஏறினால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். இந்த வேலையை லாக் புக்கில் டிக் அடிப்பதோடு முடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், ஷிஃப்டில் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது. மட்டம் குறைந்தால் தீயை நிறுத்தும் மோப்ரே மிதவையையும் இதேபோல ஊதி, மட்டம் குறைந்ததும் பர்னர் உண்மையிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். அலாரம் அடிப்பது மட்டும் போதாது, தீ நிற்க வேண்டும்.

சரி, மட்டம் கண்ணாடியில் தெரியவே இல்லை. உண்மையிலேயே தண்ணீர் இறங்கிவிட்டது என்று வையுங்கள். அந்த நிமிடத்தில் கை தானாக, கொதிகலனுக்குத் தண்ணீர் ஊட்டும் ஃபீட் பம்பின் பொத்தானுக்குப் போகும். அதுதான் உயிரைப் பறிக்கும் தவறு. பழுக்கக் காய்ந்த குழாய்களில் தண்ணீர் பட்டால் உலோகம் வெடிக்கலாம், நீராவி ஒரே வீச்சில் எழலாம். முதலில் எரிபொருளை நிறுத்துங்கள், அடுப்புக்குக் காற்றைத் தள்ளும் எஃப்டி ஃபேனை நிறுத்துங்கள். ஃபீட் செய்யாதீர்கள், ப்ளோ டவுன் (அடியிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது) செய்யாதீர்கள், நீராவி வால்வையும் திடீரென்று திறக்காதீர்கள். ஆட்களை விலக்கி, தானாக ஆற விடுங்கள். விறகிலும் உமியிலும் ஓடும் கொதிகலனில் பொத்தானை அழுத்தியவுடன் தீ அணையாது. அடுப்பில் கிடக்கும் கங்கு இன்னும் வெகுநேரம் சூடு தரும். அங்கே தண்ணீர் மட்டத்தில் காட்ட வேண்டிய கவனம் எண்ணெய்க் கொதிகலனைவிட அதிகம்.

மட்டம் ஏறினால் தண்ணீர் அதிகம் என்று பொருளா?

இல்லை. டையிங் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நீராவியை இழுத்தால், கொதிகலனில் அழுத்தம் சரியும். அழுத்தம் சரிந்தால் தண்ணீருக்குள் இருக்கும் நீராவிக் குமிழ்கள் விரியும். மட்டம் ஏறும். ஆனால் அந்த வினாடியில் கொதிகலனிலிருந்து வெளியேறும் தண்ணீரின் அளவு கூடியிருக்கிறது, உள்ளே இருப்பது குறைந்துகொண்டிருக்கிறது. திரையில் ஏறிய கோட்டைப் பார்த்து ஃபீட் வாட்டரைக் குறைப்பவர், குமிழ்கள் அடங்கிய பிறகு மட்டம் கீழே விழுவதைப் பார்த்துத் திகைப்பார். நீராவித் தேவை திடீரென்று நின்றால் இதற்கு நேர்மாறாக நடக்கும். பெரிய கொதிகலன்களில் டிரம் லெவல் (தண்ணீர் மட்டம்), நீராவி ஓட்டம், ஃபீட் வாட்டர் ஓட்டம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கட்டுப்பாடு வைத்திருப்பது இதற்காகத்தான். உங்கள் ஆலையில் அது இல்லாவிட்டால், அந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். மட்டம் மாறியதும் அழுத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்காமல் ஃபீட் வால்வைத் தொடாதீர்கள்.

ஒரே ஒரு மட்டத்தை நம்பியதால் வந்த விளைவுக்கு, கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்யும் எவரும் படித்தே ஆக வேண்டிய சம்பவம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தின் இரண்டாம் அலகில், 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணிக்கு அது தொடங்கியது. அணு உலை என்றாலும் ஆரம்பம் நமக்குப் பழகிய பிரச்சினைதான்: முதன்மை ஃபீட் பம்புகள் நின்றுபோயின. மாற்றுப் பம்புகள் தாமாகவே ஓடத் தொடங்கின. ஆனால் அவற்றின் பாதையில் இருந்த வால்வுகள் மூடியே விடப்பட்டிருந்தன. பம்ப் ஓடியது, தண்ணீர் போகவில்லை. அதைக் கண்டுபிடிக்கவே எட்டு நிமிடங்கள் ஆயின. இதற்கிடையே அழுத்தத்தை விடுவிக்கத் திறந்த ரிலீஃப் வால்வு, மறுபடி மூடாமல் சிக்கிக்கொண்டது. பேனலில் இருந்த விளக்கு, மூடும் கட்டளை போனதை மட்டுமே காட்டியது. வால்வு மூடியதா என்பதை அது காட்டவில்லை. ஆபரேட்டர்கள் வால்வு மூடிவிட்டது என்று நம்பினார்கள். வால்வின் வெளிக்குழாய் சூடாக இருந்ததும் அவர்களுக்குத் தெரிந்தது. முன்பே அது கொஞ்சம் கசிந்துகொண்டிருந்ததால், பழைய கசிவு என்று விட்டுவிட்டார்கள். உலையின் அழுத்தத்தைப் பராமரிக்கும் கலனான பிரஷரைசரில் மட்டம் ஏறுவதைப் பார்த்து, தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அவசர நீரைக் குறைத்தார்கள். உலை வறண்டுகொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, புதிதாக வந்தவர்கள் கவனித்த பிறகே அந்த வழி அடைக்கப்பட்டது. உலை மையத்தில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது.

அங்கே இருந்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள், சோம்பேறிகள் அல்லர். மூன்று பொய்களுக்கும் மறுசாட்சி அதே அறையில் இருந்தது: சரிந்த அழுத்தம், சூடான குழாய், குளிர்விப்புப் பம்புகளின் அதிர்வு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும்.

பம்ப் ஆபரேட்டரின் ஆம்பியர் மீட்டர்

பச்சை விளக்கு மோட்டாருக்கு மின்சாரம் போவதைச் சொல்கிறது. தண்ணீர் போகிறதா என்பதை டிஸ்சார்ஜ் (பம்பிலிருந்து வெளியேறும் பக்க) அழுத்தமும் ஓட்டமும் ஆம்பியரும் சேர்ந்துதான் சொல்லும். சென்ட்ரிஃப்யூகல் பம்ப் வறண்டு ஓடினாலும் ஆம்பியர் குறையும், டிஸ்சார்ஜ் வால்வு மூடியிருந்தாலும் குறையும். குறைந்த ஆம்பியரைப் பார்த்து பம்ப் சுகமாக ஓடுகிறது என்று நினைப்பது தவறு. அழுத்தத்தையும் பாருங்கள்: ஆம்பியர் குறைவு, அழுத்தமும் இல்லை என்றால் பம்ப் வறண்டு ஓடுகிறது, ஆம்பியர் குறைவு, அழுத்தம் உச்சத்தில் என்றால் முன்னால் ஏதோ மூடியிருக்கிறது.

ஓட்டத்தைக் குறைக்க, பம்ப் தண்ணீரை உறிஞ்சும் பக்கத்து சக்‌ஷன் வால்வைத் திருகுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. கொதிகலனுக்குப் போகும் ஃபீட் வாட்டர் ஏற்கெனவே கொதிநிலைக்கு அருகில் இருக்கிறது. இம்பெல்லரின் (பம்பின் சுழலும் சக்கரத்தின்) வாயில் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலே அது அங்கேயே கொதித்து, கூழாங்கற்களை உள்ளே போட்டு உருட்டுவதுபோலச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு ஓடவிட்டால் இம்பெல்லர் அரித்துப்போகும். சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் அடைத்திருந்தாலும், ஃபீட் டேங்க் மட்டம் இறங்கியிருந்தாலும், தண்ணீரில் கரைந்த காற்றை நீக்கும் டீ-ஏரேட்டரின் அழுத்தம் திடீரென்று விழுந்தாலும் இதேதான். கட்டுப்படுத்துவது எப்போதும் டிஸ்சார்ஜ் பக்கம் மட்டுமே. ஃபீட் பம்பின் குறைந்தபட்ச ஓட்டத்துக்கான ரீசர்குலேஷன் குழாயை, தண்ணீர் வீணாகிறது என்று மூடிவைப்பதும் தவறு. அது இல்லாமல் பம்ப் தனக்குள்ளேயே தண்ணீரைச் சுழற்றிச் சூடேற்றி, கசிவைத் தடுக்கும் சீல் பாகத்தை எரித்துவிடும். பிஸ்டன், ஸ்க்ரூ, கியர் வகைப் பம்புகளுக்கு வேறு விதி: டிஸ்சார்ஜை மூடிவைத்துக்கொண்டு அவற்றை ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள்.

தற்காலிக பைபாஸ்

இரவில் அடிக்கடி டிரிப் ஆகிறது, உற்பத்தி நிற்கிறது. ஒரு சிறு வயர்த்துண்டைப் போட்டு இன்டர்லாக்கை (ஆபத்தில் தானாக நிறுத்தும் பாதுகாப்பை) தாண்டிவிடலாம். காலையில் மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். இப்படித் தொடங்கிய பைபாஸ் மாதக்கணக்கில் அங்கேயே கிடப்பதை ஆலைகளில் காணலாம். யார் போட்டது, ஏன் போட்டது என்று யாருக்கும் தெரியாது. பைபாஸ் தவிர்க்கவே முடியாது என்றால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்; நேரம், காரணம், எப்போது எடுக்கப்படும், அதுவரை அந்த அளவைக் கண்ணால் பார்க்கப்போவது யார் என்பவற்றை லாக் புக்கில் சிவப்பு மையில் எழுதுங்கள். தண்ணீர் குறைவு, தீச்சுடர் அணைவு ஆகிய இரண்டின் பாதுகாப்பை மட்டும் யார் சொன்னாலும் தாண்டாதீர்கள். சேஃப்டி வால்வின் ஸ்பிரிங்கை இறுக்குவது 1923-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டப்படியே தண்டனைக்குரிய குற்றம். அதற்குப் பதிலாக வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது அப்படியே. வால்வு அடிக்கடி தூக்குகிறது என்றால் அழுத்தம் ஏன் ஏறுகிறது என்று தேடுங்கள்.

சுடர் அணைந்ததும் உடனே மறுபடி பற்றவைப்பது இன்னொரு அவசரம். எரியாத வாயு உலைக்குள் நிரம்பியிருக்கும். உள்ளே இருக்கும் செங்கல்லோ தணலாகவே இருக்கும். குறைந்தது ஐந்து நிமிடம் ஃபேனை ஓட்டி, உலையின் காற்று ஐந்து முறையாவது முழுதாக மாறிய பிறகே அடுத்த முயற்சி. இரண்டு முறை பற்றவில்லை என்றால் மூன்றாவது முறை பொத்தானை அழுத்தாமல் காரணத்தைத் தேடுங்கள்.

குளிர்ந்து கிடக்கும் நீராவிக் குழாயில் வால்வை முழுதாகத் திறக்கவும் கூடாது. முதலில் டிரெயின்களைத் திறந்து தேங்கிய நீரை வெளியேற்றி, குழாயை மெதுவாகச் சூடேற்ற வேண்டும். தண்ணீர்க் கட்டிகள் நீராவி வேகத்தில் வந்து மோதினால் வளைவுகள் உடையும். தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னரை ரீஜெனரேட் செய்ய (புதுப்பிக்க) மறப்பதும், எரிபொருள் மிச்சம் என்று ப்ளோ டவுனைக் குறைப்பதும் மெல்லக் கொல்லும் தவறுகள். ஷெல் வகைக் கொதிகலனில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகள்) 3,500 பிபிஎம்-ஐத் தாண்ட விடாதீர்கள். குழாயில் படியும் உப்பு, உலோகத்தின் வெப்பத்தைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுக்கும்.

மணியை அடக்கும் விரல்

பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஜூலை 24-ஆம் தேதி வெடிப்புக்கு முந்தைய 11 நிமிடங்களில் 275 அலாரம்கள் வந்தன. மனிதரால் படிக்க முடியாத எண்ணிக்கை. நம் அறைகளில் நிலைமை இதைவிடச் சிறியது, ஆனால் பழக்கம் அதேதான்: மணி அடித்தால் விரல் தானாக அக்னாலெட்ஜ் பொத்தானுக்குப் போகிறது, கண் திரைக்குப் போவதில்லை. எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும் அலாரம்களைப் பட்டியலிட்டு சூப்பர்வைசரிடம் கொடுங்கள். அவற்றைச் சரிசெய்யச் சொல்லி மறுபடி மறுபடி கேளுங்கள்.

ஷிஃப்ட் மாறும்போது “எல்லாம் நார்மல், அண்ணா” என்று சொல்லிவிட்டுப் பையை எடுப்பது கைமாற்றம் ஆகாது. 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்பின் சேஃப்டி வால்வு பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. அந்தத் தகவல் இரவு ஷிஃப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த பம்ப் நின்றதும், இரவு ஷிஃப்ட் ஆட்கள் வால்வு கழற்றப்பட்டிருந்த அந்தப் பம்பை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள். எதெல்லாம் பூட்டிக் கிடக்கிறது, எது பைபாஸில் இருக்கிறது, எந்த பெர்மிட் திறந்திருக்கிறது, ஸ்டாண்ட்பை பம்ப் உண்மையில் ஓடத் தயாரா என்று பேனலின் முன்னால் இருவரும் நின்று பேசுங்கள். மணிக்கணக்கு அளவுகளை ஷிஃப்ட் முடிவில் ஒரே மூச்சில் நிரப்பினால், மெல்ல ஏறிய ஸ்டாக் (புகைபோக்கி) வெப்பத்தை அடுத்து வருபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நிறுத்தத் தயங்குவதுதான் கடைசித் தவறு. உத்தரப் பிரதேசத்தின் ஊஞ்சாஹார் அனல்மின் நிலையத்தில் 2017 நவம்பர் 1-ஆம் தேதி 500 மெகாவாட் அலகில் நடந்த விபத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொதிகலன் அடியில் சாம்பல் தேங்கியது காரணமாகப் பேசப்பட்டது. நம் நெய்வேலியின் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020-இல் மே 7-ஆம் தேதியும் ஜூலை 1-ஆம் தேதியும், இரண்டு மாத இடைவெளியில், கொதிகலன் விபத்துகள் தொழிலாளர்களின் உயிரைக் குடித்தன. உற்பத்தி நின்றால் திட்டு விழும் என்ற பயம் ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் உண்டு, குறிப்பாக ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு. எனவே ஆலை மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: எந்தெந்த நிலையில் ஆபரேட்டர் யாரையும் கேட்காமல் கொதிகலனை நிறுத்தலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுப் பேனலின் பக்கத்தில் ஒட்டுங்கள். அப்படி நிறுத்தியவரிடம் மறுநாள் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுக்காதீர்கள்.