பழைய வழக்கு இருக்கிறதா? விசா விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குற்றப் பின்னணி பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது. வழக்கைச் சொல்லி விசா மறுக்கப்பட்டால், பெரும்பாலும் அதற்கு ஒரு காலக்கெடுவோ விதிவிலக்கோ இருக்கும். மறைத்தது தெரியவந்தால் கதை வேறு. அமெரிக்காவில் அது ஆயுளுக்கும் நீடிக்கும் தடை. தனியாக விலக்கு வாங்கினால்தான் உள்ளே போக முடியும். பிரிட்டனில் 10 ஆண்டு, கனடாவில் 5 ஆண்டு, ஆஸ்திரேலியாவில் பொதுவாக 3 ஆண்டு. பத்து வருஷத்துக்கு முந்தைய தெருச் சண்டையில் சில நூறு ரூபாய் அபராதம் கட்டியவருக்கு அந்த வழக்கால் விசா போயிருக்காது; மறைத்ததால் போகும்.

இந்தியாவில் நடந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் விசாத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நாட்டுக்கு ‘இல்லை’ என்றும், நான்கு வருஷம் கழித்து இன்னொரு நாட்டுக்கு ‘ஆமாம்’ என்றும் சொன்னால், முரண்பாடே ஆதாரமாகிவிடும்.

கேள்வியைப் படிக்காமல் பதில் போடுவது

ஒவ்வொரு நாடும் கேட்பது வேறு வேறு. அமெரிக்காவின் தற்காலிகப் பயண விசாவுக்கான டிஎஸ்-160 இணையப் படிவம், எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா அல்லது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா, மன்னிப்பு கிடைத்திருந்தாலும் சொல்லுங்கள் என்று கேட்கிறது. கைதாகிப் பிறகு விடுதலையானவரும் இதற்கு ‘ஆமாம்’ என்றுதான் சொல்ல வேண்டும். கனடா படிவம் இன்னும் அகலம்: குற்றம் செய்தது, கைது, குற்றச்சாட்டு, தண்டனை நான்கையும் சேர்த்துக் கேட்கும். பிரிட்டன் தண்டனைகளையும், நிலுவையில் உள்ள வழக்குகளையும், போக்குவரத்துக் குற்றங்களையும் கேட்கிறது. முழுதாக விடுதலையான ஒருவர் அமெரிக்கப் படிவத்தில் ‘ஆமாம்’ என்றும் பிரிட்டன் படிவத்தில் ‘இல்லை’ என்றும் போடுவது பொய்யாகாது, இரண்டுமே சரியான பதில். ஐரோப்பாவின் குறுகிய கால ஷெங்கன் படிவத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. கேட்காத இடத்தில் பழைய தீர்ப்பைக் கொண்டுபோய் இணைக்கத் தேவையில்லை. நேர்காணலில் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

எது வழக்கு, எது இல்லை என்று தெரியாமல் இருப்பது

தமிழ்நாட்டு விண்ணப்பதாரர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. காவல் நிலையத்தில் யாரோ கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர் ரசீது (புகார் வந்ததற்கான ஒப்புகைச் சீட்டு) போட்டு, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பியிருந்தால் அது கைதும் அல்ல, வழக்கும் அல்ல. காவல் நிலையத்துக்குப் போன புகாரில் எஃப்.ஐ.ஆர் பதிவானால்தான் வழக்கு. எஃப்.ஐ.ஆரில் பெயர் இருப்பதும் கைதாவதும் ஒன்றல்ல. ஆனால் ‘ஸ்டேஷன் ஜாமீன்லதான் விட்டாங்க, அரெஸ்ட் இல்லை’ என்று சொல்வது தவறு. ஸ்டேஷன் ஜாமீன் என்பதே கைது செய்து விடுவிப்பதுதான். சந்தேகம் இருந்தால் குற்றப்பத்திரிகையைப் பாருங்கள். கைது செய்யப்பட்ட தேதி, ஜாமீனில் விடுவிக்கப்பட்ட தேதி என்று அதில் தனித்தனி இடம் உண்டு. அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உங்கள் பதிலுக்கு அடிப்படை. ஊர்வலத்தில் கைதாகி, கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டார்களே, அந்தக் கைதும் பதிவாகியிருக்கலாம். எஃப்.ஐ.ஆர் எண்ணைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

அபராதம் கட்டி முடித்தது தண்டனை இல்லை என்று நினைப்பது அடுத்த பிசகு. மாஜிஸ்திரேட் முன்னால் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொல்லி அபராதம் கட்டினால் சட்டப்படி அது குற்றத்தீர்ப்பு. குடிபோதையில் வண்டி ஓட்டி மோட்டார் வாகனச் சட்டம் 185-ன் கீழ் 10,000 ரூபாய் கட்டியவர்கள் பலர் இதை வெறும் போலீஸ் சலானாகவே நினைக்கிறார்கள். செக் பவுன்ஸ் வழக்கும் அப்படியே. பணத் தகராறுதானே, சிவில் விஷயம்தானே என்று தோன்றும். ஆனால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ல் தண்டனை வந்தால் அது குற்ற வழக்கில் வந்த தண்டனை; 2 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். நன்னடத்தைப் பிணையில் விட்டார்கள், ஜெயிலுக்குப் போகவில்லை என்பவர்களும் கவனிக்க வேண்டும். குற்றவாளி என்று கோர்ட் முடிவு செய்து, நிபந்தனையோடு விட்டால், அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் அதையும் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும்.

சமரசமாகப் போன வழக்கில் வேறு தவறு நடக்கிறது. இரு தரப்பும் கையெழுத்துப் போட்ட சமரச மனுவை மட்டும் வைத்துக்கொண்டு, கோர்ட் போட்ட உத்தரவை வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். சமரசம் செய்யக்கூடிய குற்றத்தில் முறையாகச் சமரசம் பதிவானால் அதன் விளைவு விடுதலை. அந்த விடுதலையைக் காட்டும் தாள் கோர்ட் உத்தரவுதான்.

பி.சி.சி போதும் என்று நம்புவது

பாஸ்போர்ட் சேவா வழியாக வாங்கும் பி.சி.சி (காவல் துறை சரிபார்ப்போடு வரும் குற்றமின்மைச் சான்றிதழ்) சுத்தமாக வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பலர் இருந்துவிடுகிறார்கள். உங்கள் முகவரி வரும் காவல் நிலையத்தின் சரிபார்ப்பை நம்பி வருவது அது. வேறு மாவட்டத்தில் பதினைந்து வருஷத்துக்கு முன் முடிந்த வழக்கு அதில் வராமல் போகலாம். பி.சி.சியில் வராததால் கைது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

கையில் இருக்க வேண்டியவை: எஃப்.ஐ.ஆர், குற்றப்பத்திரிகை, தீர்ப்பு அல்லது உத்தரவு, அபராத ரசீது. எல்லாம் சான்றளிக்கப்பட்ட நகல்களாக இருக்கட்டும். வழக்கு நடந்த கோர்ட்டின் நகல் பிரிவில் மனுப் போட்டு வாங்க வேண்டும். வழக்கு எண் மறந்துபோனால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் அல்லது எஃப்.ஐ.ஆர் எண் வைத்துத் தேடலாம். போலீஸே வழக்கைக் கைவிட்டிருந்தால், மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதாக வந்த ஆர்.சி.எஸ் நோட்டீஸும் அதைக் கோர்ட் ஏற்ற உத்தரவும் தேவை. உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தால் அந்த உத்தரவு. பழைய கட்டு அழிக்கப்பட்டுவிட்டது என்றால், அதையே கோர்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கி இணையுங்கள்.

கீழ்க்கோர்ட் தீர்ப்பு தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு அவசியம். மொழிபெயர்த்தவரின் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி ஐந்தும் அதில் இருக்க வேண்டும். கனடாவுக்கு மொழிபெயர்ப்பாளரின் பிரமாணப் பத்திரமும் கேட்பார்கள். சொந்தக்காரர் செய்த மொழிபெயர்ப்பு வேண்டாம்.

சட்டப் பிரிவை வெறும் எண்ணாக எழுதுவது

‘420’ என்று மட்டும் எழுதினால் வெளிநாட்டு அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. வாங்கிய தண்டனையோடு, அந்தப் பிரிவில் விதிக்கக்கூடிய உச்சபட்சத் தண்டனையையும் அவர்கள் பார்ப்பார்கள். அமெரிக்காவில் ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகை ஒன்று உண்டு. மோசடி அதில் வரும். அதற்குள் சிறு குற்ற விலக்கு ஒன்றும் இருக்கிறது: ஒரே ஒரு குற்றம், உச்சபட்சத் தண்டனை 1 ஆண்டுக்கு மேல் போகாதது, விதித்தது 6 மாதத்துக்கு மேல் போகாதது. இ.பி.கோ 420-ல் ஒரு மாதமே தண்டனை பெற்றாலும் உச்சபட்சம் 7 ஆண்டு என்பதால் இந்த விலக்கு பொருந்தாது. அடித்துக் காயப்படுத்துவதற்கான 323-ல் உச்சபட்சம் ஓராண்டுதான். சாதாரண அடிதடி பெரும்பாலும் ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகைக்குள்ளேயே வராது. அதனால் சட்டப் பிரிவின் முழு வாசகத்தையும் இணையுங்கள். 2024 ஜூலை 1 முதல் இ.பி.கோவுக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால், எந்தச் சட்டத்தின் பிரிவு என்பதையும் குறிப்பிடுங்கள்.

கனடா, அதே செயல் தன் மண்ணில் நடந்திருந்தால் என்ன குற்றம் என்று பார்க்கிறது. 2018 டிசம்பர் 18 முதல் அங்கே போதையில் வண்டி ஓட்டுவதற்கு உச்சபட்சம் 10 ஆண்டு. அதனால் அது கடுமையான குற்றம். காலம் போனால் தானாகவே தீரும் வகையில் சேராது. தண்டனை முடிந்து 5 ஆண்டு கழித்து, தடையை நீக்கக் கேட்கும் ‘மறுவாழ்வு’ விண்ணப்பம் போட வேண்டும், அல்லது தற்காலிக அனுமதி கேட்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நம் ஊர் சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், கனடாவில் 80. ஊதிப் பார்த்தபோது 45 வந்தவருக்கு, அது கனடாவில் குற்றமே ஆகாது என்று வாதிட இடம் இருக்கிறது. அந்த மெஷின் கொடுத்த சின்னச் சீட்டை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. குற்றப்பத்திரிகையோடு அது இருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்குங்கள். அமெரிக்காவுக்கு, கடந்த 5 ஆண்டில் குடிபோதை ஓட்டலுக்குக் கைதானவரைத் தூதரகம் தன் மருத்துவரிடம் அனுப்பும். அதற்கு நாள் பிடிக்கும். டிக்கெட்டை முன்னாலேயே போடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை என்றால் குணநலச் சோதனையில் தோல்வி. நிறுத்திவைத்த தண்டனையும் கணக்கில் வரும். ஏககாலத்தில் அனுபவிக்கச் சொன்ன இரண்டு 6 மாதங்களையும் கூட்டி 12 ஆக்குவார்கள். பிரிட்டனிலும் 12 மாதச் சிறை என்றால் மறுப்பு. சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு அபராதம் மட்டும் விதித்த தீர்ப்பாக இருந்தாலும், ஓராண்டு தாண்டிய பிறகு விண்ணப்பிப்பதுதான் நல்லது.

வழக்கு நடக்கும்போதே கிளம்புவது

நிலுவையில் வழக்கு இருந்தால் பிரச்சினை பாஸ்போர்ட்டிலேயே தொடங்குகிறது. 1993-ம் ஆண்டு வந்த மத்திய அரசின் ஜிஎஸ்ஆர் 570 அறிவிக்கையின்படி, வெளிநாடு செல்ல கோர்ட் அனுமதி பெற்றால் பாஸ்போர்ட் கிடைக்கும். எவ்வளவு காலம் என்று உத்தரவில் இல்லாவிட்டால் ஒரு வருஷத்துக்குத்தான் தருவார்கள். மனுவிலேயே காலத்தைக் கேளுங்கள். ஜாமீன் நிபந்தனையில் வெளிநாடு போகக் கூடாது என்று இருந்தால் அதையும் தளர்த்திக்கொள்ள வேண்டும். விசா கிடைத்தும் விமான நிலையக் குடிவரவுக் கவுன்டரில் நின்றுவிடுவது இதனால்தான்.

விளக்கக் கடிதம் ஒரு பக்கம் போதும். எப்போது, எங்கே, எந்தப் பிரிவு, என்ன முடிவு, தண்டனை எப்போது நிறைவேறியது, அதன் பிறகு எந்த வழக்கும் இல்லை. ‘பொய் வழக்கு, போலீஸ் பழிவாங்கியது’ என்று இரண்டு பக்கம் எழுதினால் அதிகாரி தீர்ப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பார். தண்டனை பெற்ற வழக்கை மறுத்து வாதாடுவது உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். மனைவியைக் கொடுமைப்படுத்தியதாகப் போடப்படும் 498ஏ வழக்குகளில் மனைவியைத் திட்டி எழுதிய கடிதமும் அப்படித்தான்.

அமெரிக்காவில் தடை பொருந்தினாலும் தற்காலிகப் பயணத்துக்கு விலக்கு கேட்கலாம். அதைத் தூதரக அதிகாரி பரிந்துரைக்க வேண்டும். குற்றத்தின் தீவிரம், ஆபத்து உண்டா, ஏன் போகிறீர்கள் என்ற மூன்றையும் வைத்து முடிவு செய்வார்கள். மாதக்கணக்கில் ஆகும்.

ஏஜென்ட் நிரப்பினாலும் பொறுப்பு உங்களுடையது. சமர்ப்பிக்கும் முன் குற்றப் பின்னணிப் பக்கத்தை நீங்களே திறந்து படியுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தவறாக ‘இல்லை’ போட்டுவிட்டீர்களா? நேர்காணலுக்கு முன்பே புது டிஎஸ்-160 நிரப்பி, அதன் எண்ணைச் சந்திப்பு விவரத்தில் மாற்றுங்கள். கனடாவுக்கு இணையப் படிவத்தில் திருத்தம் அனுப்புங்கள். அதிகாரி கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் நீங்களே திருத்தினால்தான் அது திருத்தமாக எடுத்துக்கொள்ளப்படும்.