குளக்கட்டுக் காற்றில் ஆடாத ட்ரைபொட்: குறைந்த விலையில் ஒன்றைத் தெரிவு செய்வது எப்படி?

விடிய இரணைமடுக் குளக்கட்டில் நின்று படம் எடுத்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்து வெளிச்சம் எவ்வளவு அழகோ அவ்வளவு குறைவு. 250 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க ஏறக்குறைய 1/400 செக்கன் வேகம் வேண்டும். சூரியன் வரமுன் கிடைப்பதோ 1/30, சில வேளை அதற்கும் கீழே. கரையில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரை அசையாது. நம் கைதான் அசையும். ட்ரைபொட் தேவைப்படுவது இங்கேதான்.

என் முதல் ட்ரைபொட்டை உயரத்தைப் பார்த்து வாங்கினேன். ஐந்து கிலோ தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. ஆடி மாதச் சோளகக் காற்றில் கட்டின் மேல் நிறுத்தியபோது கால்கள் நடுங்குவது கண்ணுக்கே தெரிந்தது. அன்று எடுத்த படம் எல்லாம் மங்கல். இன்னொரு நாள் கட்டின் சரிவில் அது கமராவோடு சாய்ந்து, லென்ஸின் முன் வளையம் நெளிந்துபோனது. அதற்குப் பிறகு கால்களைத்தான் முதலில் பார்க்கிறேன். நீங்களும் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

முதலில், உங்கள் கமராவின் எடை

பலசரக்குக் கடைத் தராசிலேயே நிறுத்துப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, கெனன் 1500டி பற்றரியோடு 475 கிராம். 55-250 எஸ்.டி.எம். லென்ஸ் 375 கிராம். மொத்தம் 850 கிராம். இதை மூன்றால் பெருக்குங்கள்: இரண்டரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பெட்டியில் போட்டிருக்கும் தாங்குதிறன் அதற்குக் கீழே இருக்கக் கூடாது. அந்த எண் ட்ரைபொட் உடையாது என்பதற்குத்தான் உத்தரவாதம், ஆடாது என்பதற்கு அல்ல. அதனால்தான் மூன்று மடங்கு கேட்கிறேன்.

இரண்டாவது, கால்கள்

பணத்தை இங்கேதான் போட வேண்டும். ஒரு அடிமட்டத்தைக் கடைக்குக் கொண்டுபோங்கள். மேல் குழாய் 25 மி.மீ. அளவில் இருந்தால் நல்லது. ஒவ்வொரு துண்டும் கீழே போகப்போக மூன்று மி.மீ. வரை மெலியும். அப்படியானால் நான்கு துண்டுக் காலில் அடிக்குழாய் 16 மி.மீ. அளவில் நிற்கும். ஐந்து துண்டு என்றால் 13 மி.மீ.க்கு வந்துவிடும். மடித்தால் கைப்பைக்குள் அடங்கும் என்று விற்கும் ட்ரைபொட்கள் பெரும்பாலும் இந்த ஐந்து துண்டு வகைதான். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற நமக்கு அந்தச் சிறுமை தேவையில்லை. மூன்று துண்டு கிடைத்தால் விடாதீர்கள், இல்லாவிட்டால் நான்கு.

அடுத்தது, கால்களை நடுவில் ஒன்றோடொன்று இணைக்கும் சட்டங்கள். மலிவான ட்ரைபொட்கள் பலவற்றில் இவை இருக்கும். சீமெந்துத் தரையில் நல்ல உறுதி போலத் தெரியும். ஆனால் மூன்று கால்களும் ஒரே அளவுதான் விரியும். வன்னியில் நாம் நிற்பதெல்லாம் குளக்கட்டின் கல்லுச் சரிவு, வயல் வரம்பு, துருசு ஓரம். அங்கே ஒரு காலைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டி, மற்றதைக் குறுக்கி அகட்டி வைக்க முடிய வேண்டும். என் லென்ஸ் நெளிந்ததற்கு இந்தச் சட்டங்கள்தான் காரணம். கலியாண வீட்டு வீடியோக்காரர் விற்கும் பழைய ட்ரைபொட்டிலும் இதைக் கவனியுங்கள். பாரமும் உறுதியும் இருக்கும், சரிவில் உதவாது.

காபன் ஃபைபர் இலேசானது, அதிர்வும் அதில் வேகமாக அடங்கும், ஆனால் விலை பல மடங்கு. தொடங்குகிறவருக்கு அலுமினியம் போதும். கண் உயரத்துக்கு எழும்பும் அலுமினிய ட்ரைபொட் ஒன்று ஒரு கிலோவுக்கும் குறைவு என்றால் வாங்காதீர்கள். ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை இருக்கட்டும். சோளகத்தில் அந்தப் பாரம் உங்கள் பக்கம் நிற்கும்.

மூன்றாவது, உயரம்

நடுத்தண்டை உயர்த்தாமல் அளக்க வேண்டும். உயர்த்திய நடுத்தண்டு, மூன்று காலின் மேல் நட்ட ஒற்றைக்கால். உங்கள் கண் தரையிலிருந்து 155 செ.மீ. என்றால், தலைப்பகுதிக்கும் கமராவுக்கும் 20 செ.மீ. கழியுங்கள். 135 செ.மீ. கால் உயரம் போதும். கரைப் பறவைகளைக் குந்தியிருந்துதான் எடுப்போம் என்பதால், அதைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் எனக்குக் கவலையில்லை.

நான்காவது, தலை

கமராவைப் பூட்டித் திருப்பும் பகுதிதான் தலை. சிறிய கமராவுக்கு உலோகத்தாலான போல் ஹெட் (உருண்டை ஒன்றின் மேல் எந்தப் பக்கமும் திரும்பும் தலை) சரி. காலிலிருந்து தலையைக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள். 3/8 அங்குல ஸ்குரூ இருந்தால், பிறகு கையில் காசு வரும்போது தலையை மட்டும் மாற்றலாம். கமராவின் அடியில் பூட்டித் தலையில் செருகும் பிளேட், பல கம்பனிகள் பின்பற்றும் ஆர்கா வகையாக இருந்தால், தொலைந்தாலும் வேறு கம்பனிப் பிளேட் பெரும்பாலும் பொருந்தும்.

கடையிலேயே சோதியுங்கள்

உங்கள் கமராவையும் நீளமான லென்ஸையும் கொண்டுபோங்கள். கால்களை முழுக்க நீட்டிப் பூட்டி, மேலிருந்து இரண்டு கையாலும் அழுத்துங்கள். ஏதாவது துண்டு உள்ளே வழுக்கினால் அது வேண்டாம். கமராவைப் பூட்டி, தூரத்து எழுத்து ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெருப்பித்து வையுங்கள். காலில் விரலால் ஒரு தட்டு. படம் எத்தனை செக்கனில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு ட்ரைபொட்டை இப்படித் தட்டிப் பார்த்தால் எது நல்லது என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அப்புறம் தலையை இறுக்கிவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். லென்ஸ் மெல்லக் கீழே இறங்குகிறதா?

வெளியில் நிறுத்தும்போது

லென்ஸ் பார்க்கும் திசையில் ஒரு கால். தடித்த துண்டை முதலில் நீட்டுங்கள். காற்றென்றால் நடுத்தண்டின் கொக்கியில் உரப்பையில் கல் போட்டுத் தொங்கவிடுங்கள். பை தரையில் சற்றே முட்டட்டும், இல்லாவிட்டால் அதுவே ஊஞ்சலாடி ஆட்டும். இரண்டு செக்கன் டைமர் போடுங்கள். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை நிறுத்திவிடுங்கள். பறக்கும் பறவைக்கு இதெல்லாம் சரிவராது, கையில் எடுத்துவிடுங்கள்.

நல்ல கோணம் தேடிப் பற்றைக்குள் இறங்குமுன் சுற்றிப் பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மிதிவெடிச் சிவப்புப் பலகை இருக்கும் இடத்தில் ஒரு அடியும் வைக்க வேண்டாம். ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையிலேயே நில்லுங்கள். சுண்டிக்குளம் 2015இல் தேசியப் பூங்காவானது. அங்கே போகமுன் வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நந்திக்கடல் ஓரச் சேற்றில் மட்டும் காலை நீட்டும் ஒழுங்கை மாற்றுங்கள். அடித்துண்டை முதலில் முழுக்க இழுத்துப் பூட்டினால் பூட்டுகள் உப்புத் தண்ணீருக்கு மேலே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணீரால் கால்களைக் கழுவி, நீட்டியபடியே நிழலில் காய விடுங்கள். திருகுப் பூட்டுக்குள் மணல் கரகரத்தால் அன்றைக்கே கழற்றித் துடைத்துவிடுங்கள்.